துப்ப மாட்டன்

கடைவாய்ப் பல் பிடுங்கி மூன்று மணித்தியாலம் ஆகியும் ஸைனம்புக்கு இரத்தம் நிற்கவில்லை. நிற்க விட்டால்தானே நிற்கும்!

எண்பத்திரண்டாம் ஆண்டு நோன்பு மாதம். ஆனி வெயில். நான்கு நாளாய்ப் பல்வலியில் துடித்தவளை, கல்முனைச் சந்தையடியில் டிஸ்பென்சரி வைத்திருந்த பல் டொக்டர் அழகரெத்தினம் ஒன்றுக்கு இரண்டு தரம் சொல்லித்தான் அனுப்பினார்.

"வேர் வளைஞ்சு கிடந்தது தங்கச்சி. இரத்தக் குழாய் ஒண்டு கிழிஞ்சிட்டு. இந்தப் பஞ்சை இறுக்கிக் கடிச்சுக்கொண்டு இருங்க. துப்பக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது. உறையிற இரத்தம்தான் காயத்துக்கு மூடி. அப்பிடியும் ஓடினா உடன வாங்க, தையல் போடோணும்."

வீட்டில் பளீல் இருந்தான். அவள் புருஷன், வேளாண்மைக்காரன், நல்ல மனிதன். மார்க்க விசயத்தில் மட்டும் ஓதிய அரைக் கிதாபை முழுக் கிதாபென்று நினைப்பவன். "இரத்தம் தொண்டைக்குள்ள இறங்கினா நோன்பு முறிஞ்சிரும். துப்பு புள்ள," என்று பஞ்சை எடுக்கச் சொல்லி, படிக்கத்தைத் தானே ஏந்திப் பிடித்தான். அவளும் துப்பினாள். வீணாய் ஒரு நோன்பும் விட்டதில்லை என்று அவளுக்கும் ஒரு பெருமை.

பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லும்போது தலை சுற்றியது. குனிந்து பார்த்தாள். படிக்கத்தில் ஈரல் துண்டு மாதிரி ஒரு கட்டி கிடந்தது. வாய்க்குள் உடனே சூடாக ஊறியது. அட, அந்த மூடியைத்தான் இவ்வளவு நேரமும் துப்பிக்கொண்டிருந்திருக்கிறாள்! முதலில் பயம் வந்தது. பயத்தின் பின்னாலேயே கோபம் வந்தது.

தோய்த்துக் காய்ந்த வெள்ளைத் துணியைச் சுருட்டி, பல் இருந்த இடத்தில் வைத்துக் கடித்தாள்.

"என்ன செய்றாய்? துப்பு!"

"துப்ப மாட்டன்." கடித்த பல்லுக்குள்ளாலேயே கதைத்தாள். "வயல்ல தண்ணி பாயிற வக்கடைய மண் போட்டுக் கட்டுறீங்க. கட்டின மண்ண நிமிசத்துக்கொருக்கா வழிச்சு எறிஞ்சா தண்ணி நிக்குமா?"

பளீல் படிக்கத்தைக் கீழே வைத்தான். "அப்ப நோன்பு?"

அவனைப் பார்த்தபடியே, வாயில் ஊறியதை விழுங்கினாள்.

"விட்ட நோன்பப் பொறகு கழாப் புடிக்கலாம். போன சீவன எங்க போய்ப் புடிக்கிற?"

"ஊர் என்ன கதைக்கும்?"

"கதைக்கட்டும். இது என்ட ஊடு. இது என்ட வாய்."

அந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். பளீல் கலியாணம் முடித்து அங்கே வந்து குடியேறியவன். பதினைந்து வருசத்தில் அதை அவள் ஒரு தரமும் சொல்லிக் காட்டியதில்லை. இன்றைக்குச் சொன்னாள். சொல்லிவிட்டு முக்காட்டை இழுத்துவிட்டு, பட்டப்பகலில், பள்ளிவாசல் கடந்து, வாயில் துணியோடு நடந்தாள். பளீல் பின்னால் ஓடினான்.

அழகரெத்தினம் இரண்டு தையல் போட்டார். இரத்தம் நின்றது.

நோன்பு திறக்க இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது. டொக்டர் கொடுத்த குளிசையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அவள் பளீலைத் திரும்பிப் பார்த்தாள்.

"தண்ணி தாங்க."

கூசாவிலிருந்து அவனே ஊற்றிக் கொடுத்தான். ஸைனம்பு பிஸ்மி சொல்லிக் குடித்தாள்.