ஈரச் சாக்கும் ஈவ்லினின் கியர்பாக்ஸும்

வலது கையை வேதப்புத்தகத்தின் மேல் வைத்துக்கொண்டு இடது கையால் இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கலாம். விஷயத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

இரண்டாயிரமாம் வருடம், ஜூன் மாதம். நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தின் காற்றோட்டப் பிரிவிலிருந்து நான் ஓய்வு பெற்றிருந்தேன். என் மகள் ஈவ்லினுக்குப் பெங்களூரில் இயந்திரப் படங்கள் வரையும் ஓர் அலுவலகத்தில் வேலை ஏறக்குறைய உறுதி. தானே வரைந்த ஒரு கியர்பாக்ஸின் படத்தை ஃபிளாப்பியில் போட்டுத் திங்கட்கிழமை கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான். கோடுகளை வரைந்து முடித்துவிட்டாள். நிறமும் நிழலும் கம்ப்யூட்டர் போட வேண்டும். எங்கள் வீட்டுப் பெட்டி அதற்கு முப்பது மணி நேரம் கேட்டது. அப்போது ஞாயிறு காலை ஆறு மணி. மறுநாள் காலை ஆறுக்கு ரயில்.

"ஒரு வழி கீதுப்பா," என்றாள். "போர்டுல ஜம்பர்னு ஒரு குட்டித் தொப்பி. அத்த ஒரு முள்ளு தள்ளி மாட்டுனா அறுபத்தாறு மெகாஹெர்ட்ஸ் நூறாயிடும். ப்ராசஸர் ஒன்றரை மடங்கு ஓடும். இருபது மணி நேரத்துல வேலை முடிஞ்சுடும்."

"இதுக்கு முன்ன மாட்டிக்கீறியா?"

"இல்ல. புஸ்தகத்துல படிச்சேன். சூடாவும்னு போட்டுக்கீது."

"சூட்டை என்கிட்ட வுடு," என்றேன். அந்த வாக்கியத்தை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஜம்பர் மாறியது. பெட்டி ஓடியது. எட்டு மணிக்கு எங்கள் வீட்டுப் பல்லி பக்கத்து வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. பத்து மணிக்குப் பெட்டியின் மேல் மறந்து வைத்திருந்த அப்பளம் தானாகப் பொரிந்தது. உப்பு கொஞ்சம் கூடுதல்.

என்னோடு வேலை பார்த்த முனிரத்தினம் வந்து எட்டிப் பார்த்தார். "இன்னாண்ணே, ரிட்டையர் ஆயும் பூமிக்கடில பத்தாயிரம் அடி லெவல் சூட்டை ஊட்டுக்கே கொண்டாந்துட்ட?"

"பாப்பாவுக்கு வேலைப்பா. கிண்டல் பண்ணாத."

"அப்ப சாக்கு கட்டு."

சுரங்கத்தின் சூடான ஆழ லெவலில் காற்றுக் குழாயின் வாயில் நனைத்த சாக்கைக் கட்டுவது எங்கள் கேங்கின் வழக்கம். அதன் முன்னால் நின்றால் ஊட்டி. மதியம் பெட்டியின் திறந்த பக்கத்தில் சாக்கைத் தொங்கவிட்டோம், பின்னால் மேசை விசிறியை வைத்தோம். சூடு இறங்கியது. முனிரத்தினம் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

நான்கு மணிக்கு விசிறி, சாக்கின் ஈரத்தைச் சாரலாக்கி போர்டின் மேல் இறைத்தது. "சட்" என்று ஒரு சத்தம். திரை இருண்டது. பாறை மேல் தண்ணீர் சொட்டினால் அதற்கு ஒன்றும் ஆகாது. கம்ப்யூட்டருக்கு ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

"அப்பா," என்றாள் ஈவ்லின். பெட்டியைத் தூக்கி வெளியே கொண்டுபோனாள். திட்டியிருந்தால் தேவலை.

ஒரு மணி நேரம் வெயிலில் காயவைத்ததும் பெட்டிக்கு உயிர் வந்தது. பாதிப் படம் பத்திரமாக இருந்தது. ஆனால் நூறுக்குப் போக மறுத்துவிட்டது. அறுபத்தாறில் மீதிப் பாதிக்குப் பதினைந்து மணி நேரம். ரயிலுக்குப் பதின்மூன்று.

முடிந்தவரை முடித்துக்கொண்டு போனாள். கியர்பாக்ஸ் மேலிருந்து கீழாகப் பளபளவென்று வந்திருந்தது, கால்கள் மட்டும் வரவில்லை. அங்கே ஒரு கறுப்புப் பட்டை.

"இது எதும்மேல நிக்குது?" என்று கேட்டாராம் அங்கிருந்த பெரியவர்.

வேலை வேறொருவருக்குப் போனது. தப்பு முழுக்க என் சாக்குதான் என்று முனிரத்தினத்திடமும், கேட்டவர் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

பெட்டியும் விசிறியும் எதில் ஓடின என்று மட்டும் யாரும் கேட்கவில்லை; அந்த ஞாயிறு விடிந்ததிலிருந்து திங்கள் விடியும்வரை எங்கள் லைன் வீடுகளில் கரண்ட் இல்லை.