வேப்பிலைச் சேலை

என் முதுகில் ஆறு வருஷமாக ஆறாத புண். பிறவியிலேயே எனக்குத் தோல் சரியாக ஒட்டாத நோய். லேசாக உரசினாலே கொப்புளம் கிளம்பிப் பிய்ந்துவிடும். கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருவே என்னைப் பார்த்து உச்சுக்கொட்டிச் சலித்துவிட்டது. எனக்கு இருந்தது ஒரே ஆசை. ஒரு நாளாவது மல்லாந்து படுக்க வேண்டும்.

போன வருஷம் ஆஸ்பத்திரியில் என் தொடையில் மிச்சமிருந்த நல்ல தோலில் துளி எடுத்து, அதன் செல்களை வளர்த்து, மெல்லிய படலமாக்கி முதுகில் ஒட்டினார்கள். பிடித்துக்கொண்டது. புண் மூடியது. நான் மல்லாந்து படுத்து ஃபேனைப் பார்த்துச் சிரித்தேன். அம்மா அழுதாள்.

"ஒரு வருஷம் முதுகுல எதுவும் உரசக் கூடாது" என்றார் டாக்டரம்மா. அம்மா மண்டையை மண்டையை ஆட்டினாள்.

ஆனால் திருவேற்காட்டு அம்மனிடம் அவள் முன்பே பேசி முடித்திருந்தாள். புண் ஆறினால் மகள் வேப்பிலைச் சேலை கட்டிக் கோயிலைச் சுற்றுவாளாம்.

"நீயே கட்டிக்கோயேன். நேந்துகினது நீதான?" என்றேன்.

"புண்ணு உனுக்குதான ஆறிச்சு? எலதாண்டி கண்ணு. துணியா இன்னா, உரசறதுக்கு?"

"டாக்டரம்மா கைல கேளு."

"அவங்களுக்கு இன்னா தெரியும்? குடுத்தவளே திருப்பி எடுத்துகினா இன்னா பண்ணுவ?"

அதில் மடங்கிவிட்டேன். பி.எஸ்சி. படித்த கழுதை நான், எனக்கும் பயம்தான்.

கொத்துக் கொத்தாக இலையைச் சுற்றி, நழுவாமலிருக்கச் சணல் கயிற்றால் இறுக்கினாள். ஆடி ஞாயிறு, கூட்டம் நெருக்கித் தள்ளியது. பாதிச் சுற்றிலேயே முதுகு எரிந்தது. சொன்னேன். "வந்துகினே இரு, முடிஞ்சிரும்" என்றாள்.

வீட்டில் அவிழ்த்தபோது இலையோடு தோலும் வந்தது. முழுசாக, ஈரமாக. அம்மா அலறினாள். நான் அலறவில்லை. வாயைத் திறந்தால் உதடும் கிழியும்.

டாக்டரம்மா திட்டவில்லை. "இன்னொரு தடவை வளர்க்கலாம். ஆனா எடுக்க நல்ல தோல் வேணுமே. சணல் உரசினதுல தொடையும் போயிடுச்சு. உச்சந்தலையில மட்டும்தான் மிச்சம். அதுல ஒரு கீறல் படாம பாத்துக்குங்க."

அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். திரும்பும்போது ஆட்டோ பாடி மேம்பாலம் ஏறியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"பயப்படாதடி. ஆத்தா கைல சொல்ட்டேன். இந்தவாட்டி உனுக்கு மொட்டை. ஆறுற வரிக்கும்லாம் காக்க வெக்கல, வர்ற வெள்ளிக்கெழமயே போட்டுர்லாம்."