ஜாய்க்குக் கொடுத்த வீடு

எங்கள் சபையில் நற்கருணை எடுக்குமுன் நடக்கிற திடப்படுத்தல் வகுப்பு என்றால், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிள்ளைகள் கோவில் ஹாலில் உட்கார்ந்து கேள்வி பதிலை மனப்பாடம் பண்ணுவார்கள். தாராவிப் புழுக்கத்தில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். யாருக்கும் நஷ்டமில்லை. இந்த வருஷம் வந்த சுனிதா டீச்சருக்கு அது போதவில்லை. செம்பூரில் ஏதோ பயிற்சிக்குப் போய்வந்தவள், "விசுவாசம் ஹாலுக்குள்ள உக்காந்தா வராது, அன்னமேரிக்கா. நாலு வீட்டுக்குப் போயி மனுசர பாத்தாத்தான் வரும்" என்றாள் என்னிடம். பிள்ளைக்கு ஒரு வீடு என்று பிரித்துக் கொடுத்தாள். நோயாளி இருக்கிற வீடு. அடிக்கடி போய்க் கூடமாட உதவி செய்து ஜெபித்துவிட்டு வர வேண்டும்.

நல்ல காரியம்தானே என்று நானும் தலையாட்டினேன். என் மகள் ஜாய்க்குக் கிடைத்தது எங்கள் சாலிலேயே, ஒட்டி ஒட்டி நிற்கிற வரிசை வீடுகளில் கடைசி வீடு, மாரிசெல்வம் வீடு. பை தைக்கிற பட்டறையில் வேலை பார்த்தவர். ஈரல் கெட்டு, வயிறு வீங்கி, கண் மஞ்சளாகிப் படுத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று சாலில் எல்லோருக்கும் தெரியும். அவர் மனைவி இசக்கிசெல்விக்கு மட்டும் அதைத் தெரிந்துகொள்ள மனசில்லை.

முதல் தடவை போனபோதே ஜாய் ஒரு காரியம் செய்தாள். புது வருஷ ஆராதனையில் நாங்கள் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்போம். அந்த வருஷத்துக்கு ஆண்டவர் நமக்குத் தருகிற வசனம் அதில் இருக்கும். மிச்ச அட்டைகள் கிடந்த பெட்டியை டீச்சரிடம் கேட்டு வாங்கிக்கொண்டுபோய் மாரிசெல்வத்திடம் நீட்டியிருக்கிறாள். அவர் ஒன்றை எடுத்தார். சாகமாட்டாய், பிழைப்பாய் என்கிற மாதிரி ஒரு வசனம். ஜாய்க்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். எழுத்துக்கூட்டி வாசித்ததோடு, இசக்கிசெல்விக்கு விளக்கமும் சொல்லிவிட்டாள்.

எங்களுக்கு இதெல்லாம் பழக்கம். அந்தப் பெட்டியில் நல்லதைத் தவிர வேறு அட்டையே கிடையாது. வீடு கட்டுவாய் என்று எடுத்த என் வீட்டுக்காரர் இன்னும் இந்த ஒற்றை அறையில்தான் காலை மடக்கிப் படுக்கிறார். அதற்காக ஆண்டவரோடு சண்டைக்குப் போகவில்லை. ஆனால் இசக்கிசெல்வி சுடலைமாடனைக் கும்பிடுகிறவள். எங்களுக்கு அது வசனம், அவளுக்கு அது குறி. கோயில் கொடையில் சாமி இறங்கிச் சொல்கிற வாக்கு மாதிரி, சொன்னால் நடந்தாக வேண்டும்.

மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எக்கா, ஒங்க புள்ள வாயில சாமியே வந்து சொல்லிட்டு. இவுக பொழச்சிருவாக."

நேரே சுனிதாவிடம் போனேன். "அந்த மனுசன் இன்னைக்கோ நாளைக்கோன்னு கெடக்காரு. பிள்ளைட்ட கொஞ்சம் எடுத்துச் சொல்லு."

"பிள்ள நம்புறா. நீங்களே அவிசுவாசமாப் பேசலாமாக்கா?"

வீட்டில் ஜாய் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டாள். உபவாசமாம். ஒருநாள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "மம்மி, மாமா டீக் ஹோ ஜாயேங்கே நா? சொகமாயிருவாங்கல்லா? நீ சொல்லு."

ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால், ஆண்டவர் உன் ஜெபத்தைக் கேட்கமாட்டார் என்று பெற்ற தாயே சொன்ன மாதிரி. "மொதல்ல சாப்பிடுட்டி" என்றேன். அவள் சாப்பிடவில்லை. எனக்கு அந்த அட்டையை அச்சடித்தவன்மேல், சுனிதாமேல், என்மேல், எல்லோர்மேலும் கோபம் வந்தது. கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது?

சனிக்கிழமை காலையில் மாரிசெல்வம் போய்விட்டார்.

நான் மறிப்பதற்குள் ஜாய் ஓடிவிட்டாள். பின்னாலேயே போனேன். சுனிதாவும் வந்திருந்தாள். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். இசக்கிசெல்வி மட்டும் அழவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தவள், ஜாயைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்தாள்.

"வந்துட்டியா தாயி. எல்லாரும் அழுதாக, நான் அழல. நீதான் சொல்லிட்டியே, சாவமாட்டாருன்னு. ஒங்க சாமிட்ட இப்பக் கேளு. எந்திரிச்சிருவாரு."

அழுகை நின்றுபோயிற்று. எல்லோரும் என் மகளைப் பார்த்தார்கள். "நீ போயிச் சொல்லு" என்று சுனிதாவைத் தள்ளினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாளே தவிர நகரவில்லை. நானே போய், "ஏட்டி ஜாய், வா வீட்டுக்கு" என்று தோளைப் பிடித்து இழுத்தேன். இசக்கிசெல்வி பிடியை விடவில்லை. ஜாயும் வரவில்லை.

முழங்கால் போட்டாள். அந்தக் குளிர்ந்த நெஞ்சில் கையை வைத்துக் கண்ணை மூடினாள். தமிழிலும் இந்தியிலுமாகக் கேட்டாள். செத்தவர்களை ஆண்டவர் எழுப்பியதை எல்லாம் அவருக்கே ஞாபகப்படுத்தினாள். பாடை கட்ட வந்த ஆட்கள்கூட மூங்கிலைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். இசக்கிசெல்வி புருஷன் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நானும்தான் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது சொல்ல, ஒரு நிமிஷம் நானும் பார்த்தேன்.

அவளுக்குத் தெரிந்த ஜெபமெல்லாம் தீர்ந்துபோயிற்று. குரல் கம்மிவிட்டது. ஆமென் சொல்லிவிட்டால் கண்ணைத் திறக்க வேண்டுமே என்று, என் மகள் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.