அம்சத்தின் வியர்வை

நீடாமங்கலத்துக்குத் தெற்கே நடவு வேலை செய்யும் அம்சத்தின் வியர்வை பட்டால் எந்தப் புண்ணும் ஆறிவிடும். யூரியா விலை தெரிவதுபோல இதுவும் சுற்றுப்பட்டு ஊர்களுக்குத் தெரியும். அரிவாள் கிழித்த விரல், சேற்றுப்புண், சர்க்கரையால் அழுகிய கால், எதுவானாலும் உச்சி வெயிலில் வரப்புக்கு வந்து நீட்டுவார்கள். அவள் தலைத்துண்டை அதன்மேல் பிழிந்துவிட்டு அடுத்த நாற்றுமுடியைப் பிரிப்பாள்.

மகள் பூவிழி தஞ்சாவூரில் ஓர் ஆய்வகத்தில் சேர்ந்ததும் முதல் வேலையாக அந்தத் துண்டைத்தான் குப்பியில் பிழிந்துகொண்டு போனாள். நான்கு வருடம் கழித்து வந்து சொன்னாள்: "புரதத்துல ஒரு சின்னத் துணுக்கும்மா. திருகாணி மாதிரி சுருண்டிருக்கு. கிருமியோட தோல்ல ஒட்டி ஓட்டை போட்டுடுது. எந்த மருந்துக்கும் மசியாத கிருமிகூட செத்துப்போவுது."

"இதுக்கா நாலு வருஷம்? என்னையக் கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே" என்றாள் அம்சம்.

அதை ஊசிமருந்தாக்கத்தான் பூவிழி போராடிக்கொண்டிருந்தாள். ரத்தத்தில் ஏற்றினால் உடம்பே அதைத் துண்டு துண்டாக நறுக்கிவிடுகிறது. அந்த ஒரு முடிச்சு மட்டும் அவிழவில்லை.

போன வருடம் குறுவை நடவின்போது பூவிழிக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தது. தையலில் சீழ் வைத்தது. எந்த ஊசிக்கும் அந்தக் கிருமி அசையவில்லை. பெற்றவள் கட்டிலைவிட்டு நகரலாமா என்று அம்சம் ஐந்து நாளும் ஏசி அறையில் மகளின் கையைப் பிடித்தபடியே இருந்தாள். ஊருக்கெல்லாம் புண்ணாற்றியவளுக்கு அங்கே ஒரு சொட்டு வியர்க்கவில்லை. வெயிலில் போய் நிற்கலாம் என்று ஆறாம் நாள்தான் தோன்றியது, பாழாய்ப்போன புத்திக்கு. ஆஸ்பத்திரி வாசலில் மதியம் முழுக்க ஓடி, நனைந்த துண்டோடு மாடியேறி வந்தபோது கிருமி ரத்தத்தில் கலந்திருந்தது.

"இது தோலுக்குத்தாம்மா கேக்கும். உள்ள போனா நிக்காது" என்றாள் பூவிழி.

"அப்ப எனக்கு எதுக்குடி இது?"

மறுநாள் விடியலில் பூவிழியின் உயிர் போய்விட்டது.

பகல் பன்னிரண்டுக்கு வீட்டு வாசலில் குளிப்பாட்டினார்கள். அனல் பறந்தது. அம்சம் வேறு யாரையும் தொடவிடவில்லை, தானே மஞ்சள் பூசினாள். அவள் நெற்றியிலிருந்தும் மோவாயிலிருந்தும் வியர்வை சொட்டச் சொட்ட, மகளின் வயிற்றில் பிரிந்து கிடந்த தையல் எல்லோரும் பார்க்கப் பார்க்க மூடிக்கொண்டது. தழும்புகூட இல்லை. குடம் வைத்திருந்த பெண்களில் ஒருத்தி காய்ந்த துணியை எடுத்துக் கொடுத்தாள். அம்சம் அந்த வயிற்றை ஈரம் போகத் துடைத்துவிட்டு, புதுப் புடவையைச் சுற்றத் தொடங்கினாள்.