மேற்குச் சரிவில் சத்தமில்லை

வண்டு மேடத்துக்கு ஒன்றுமே புரியவில்லை.

அது அலுவலகத்தார் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். அவருக்கும் தெரியும், கண்டுகொள்வதில்லை. இந்த மலையில் உள்ள ஒரு சில்வண்டைத் தனி இனம் என்று முதலில் பிரித்துச் சொன்னவரே அவர்தான். பார்வைக்கு மற்ற சில்வண்டுகளைப் போல அச்சு அசலாக இருக்கும். குரல்தான் வேறு, மெல்லியது, உச்சத்தில் நிற்பது. மரப்பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கிடப்பதைக் கண்ணால் தேடினால் பொழுதுதான் போகும். அதனால் மலை முழுக்கக் காதாலேயே தேடி, கேட்ட இடத்துக்கெல்லாம் வரைபடத்தில் சிவப்புப் புள்ளி வைத்திருந்தார்.

அந்தப் புள்ளிகள் இப்போது வருஷாவருஷம் குறைகின்றன. மருந்து அடித்தார்களா? இல்லை. மரம் வெட்டினார்களா? அதுவும் இல்லை. மழையோ கொட்டோ கொட்டென்று கொட்டியது. மற்ற வண்டுகள் காட்டையே இரண்டாக்கிக்கொண்டிருக்க, இது மட்டும் எங்கே போய்த் தொலைந்தது? போதாக்குறைக்கு ஒலிப்பதிவுக் கருவிக்கும் கிறுக்குப் பிடித்துவிட்டது. சத்தமே இல்லாத இடத்திலும் திரையின் உச்சியில், கீச்சுக் குரல் பதிகிற இடத்தில், ஒரு கோடு போட்டது. பழுது பார்க்கக் கொடுத்தால், கருவியில் ஒன்றுமே இல்லை என்று இரண்டாம் முறையும் திருப்பிக் கொடுத்தார்கள். அவர்களுக்கு வேலையே தெரியவில்லை என்று மேடம் முடிவுகட்டினார்.

மிச்சமிருந்தது மேற்குச் சரிவு. மற்ற வண்டுகள் எட்டிப் பார்க்காத இடம். இது ஒன்றுதான் அங்கே குடியிருந்தது. அதுவும் இப்போது இல்லை என்று அவர் எழுதிக்கொடுத்தால் கல் உடைக்க அனுமதி கிடைத்துவிடும். எழுதுமுன் ஒருமுறை கேட்டுப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினார்.

காரில் கூட்டிவந்தவன் கொழுந்தன். எப்போது வந்தாலும் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பான். வெயில் ஆகாத மகராசன் என்று மேடம் கேலி செய்வார். அன்று ஏசி மக்கர் பண்ணியது. வியர்த்து வழிய இறங்கியவன் இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டான்.

"எப்படி அண்ணி இந்த இரைச்சல்ல நிக்கிறீங்க?"

"எந்த இரைச்சல்?"

அவன் சீண்டுகிறான் என்று நினைத்தார். ஆனால் அவன் முகத்தில் சிரிப்பில்லை. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். இலை சலசலத்தது. தூரத்தில் ஒரு லாரி ஏறியது. வேறொன்றும் இல்லை.

எங்கிருந்து வருகிறது என்று காட்டச் சொன்னார். அவன் நாலு மரம் தள்ளிப் போய் ஒரு அடிமரத்தைக் காட்டினான். கிட்டே போய்ப் பார்த்தால், பட்டையில் அது உட்கார்ந்திருந்தது. இரண்டு விரலால் மெல்லப் பிடித்தார். கொழுந்தன் முகத்தைச் சுளித்துப் பின்வாங்கினான்.

"பாவம், உயிர் போற மாதிரி கத்துது. விட்டுடுங்க அண்ணி."

விரல்களுக்கிடையே அது கிடுகிடுவென்று அதிர்ந்தது. அவ்வளவுதான்.

வண்டு இருக்கிறது என்று சந்தோஷப்படுவதா, உட்கார்ந்து அழுவதா? அழித்த புள்ளிகளில் எது வண்டு போனதால், எது காது போனதால்? ஒன்றும் விளங்கவில்லை. வண்டை அதன் மரத்திலேயே விட்டார்.

"எப்படிக் கத்துச்சு தம்பி? கொஞ்சம் செஞ்சு காட்டு."

கூச்சத்தோடு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவன் மூக்கால் ஒரு சத்தம் எழுப்பினான். அசல் இன்னும் எவ்வளவோ மேலே போகும். அவருக்கு நன்றாக நினைவிருந்தது. இது சுருதி இறங்கியிருந்ததால் அவர் காதுக்கும் கேட்டது.

"இன்னொரு தடவ" என்றார்.