கூக்கெலியின் முதல் துண்டு

இலையுதிர் காலத்தில் வந்த பக்கவாதத்தில் என் கணவன் இல்போவின் வலது கை செயலற்றுப்போனது. பேச்சு போகவில்லை, பேசத்தான் மனமில்லை அவனுக்கு. இனி எதற்கும் தான் உதவ மாட்டோம் என்று முடிவு கட்டி, ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டான். உயிரோடிருக்கும்போதே அவனை இழந்துவிடுவேனோ என்று பயந்தேன்.

அவன் சகவாசமெல்லாம் காட்டிலிருக்கும் கூக்கெலிப் பறவைகளோடுதான். நார்வே தொடங்கி ரஷ்யாவின் கிழக்குக் கோடி வரை அந்த இனம் இருக்கிறதாம். எங்கள் முற்றத்துக்கு மட்டும் வராது! மரம் வெட்டிய பொட்டல் நடுவே கிடக்கிறது எங்கள் வீடு. பழைய ஸ்ப்ரூஸ் மரங்களின் மறைவை விட்டு அந்தப் பறவை வெளியே வராது. ஆகவே பனி விழுந்ததும் இவனை விறகுச் சறுக்குவண்டியில் ஏற்றி நானே இழுத்துப் போனேன்.

"விறகுகூட இவ்ளோ கனமில்ல இல்போ," என்றேன். முறைத்தான். முறைக்கட்டும்.

காட்டுக்குள் தீ மூட்டி, சாசேஜ் வாட்டினேன். அகோரப் பசி. முதல் துண்டை வெட்டி வாயில் போட்டுக்கொண்டேன்.

"அடியே! முதல் துண்டு கூக்கெலிக்குடி! முப்பது வருஷமா இங்க என்னத்தக் கிழிச்ச?"

எத்தனை வாரம் கழித்துக் கேட்கும் குரல்! மென்றுகொண்டே அழுதேன்.

"கடற்கரைலேர்ந்து வந்தவளுக்கு உங்க காட்டு வழக்கம் மறந்துபோச்சு. துப்பட்டுமா?"

"கருமம். அடுத்ததையாவது என் கையில வை."

"எந்தக் கையில?"

"எப்பவும் வைக்கிற கையிலதான், ரைலி."

இடது கையால் வலது கையைத் தூக்கி முழங்கால்மேல் வைத்தான். உள்ளங்கையில் துண்டை வைத்தேன். சத்தமே இல்லாமல் வந்தது கூக்கெலி. கருத்த உச்சந்தலை, புசுபுசுவென்ற சாம்பல் உடம்பு, விரிந்தபோது துருநிறத்தில் வால். நேராக அவன் விரல்கள்மேல் உட்கார்ந்தது.

"உக்காந்திருக்கு, பாக்கறேன். ஆனா கையில ஒண்ணுமே தெரியலையே, ரைலி."

மெல்ல என் கையை அவன் கைக்கு அடியில் கொடுத்தேன்.

"எனக்குத் தெரியுதுப்பா. லேசா கனக்குது. இந்தா, இப்ப முன்னால சாயுது."

அவன் பறவையைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கூக்கெலி துண்டைக் கவ்விக்கொண்டு பறந்தது. நான் கையை உருவப் போனேன்.

"இரு. மரப்பட்டை இடுக்குல ஒளிச்சு வச்சுட்டுத் திரும்ப வரும்," என்றான். "கையை எடுத்துடாத."