கழுவக் கழுவ

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவளுக்கு முகப்பரு வந்துவிட்டால் ஒளிய இடமே கிடையாது. திரும்பிய பக்கமெல்லாம் முகம் பார்க்கும் கண்ணாடி. பிரேம் மூக்கில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க, வந்தவர் முகத்துக்குக் கிட்டத்தில் தன் முகத்தைக் கொண்டுபோயாக வேண்டும்.

அவள் அக்கா வீட்டோடு தங்கி வேலைக்குப் போய்வந்தாள். அந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் பரு கொத்துக்கொத்தாகக் கிளம்பியது. அங்கே போர் தண்ணீர், சுத்த உப்பு. குழாய் வாயில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டும், சோப்பு நுரைக்காது, எவ்வளவு கழுவினாலும் முகத்தில் ஏதோ பிசுக்கு ஒட்டிக்கொண்டே இருக்கும். அழுக்குப் போகவில்லை என்று நினைத்து மறுபடி சோப்புப் போடுவாள். அக்கா வீட்டுக்காரர் நல்ல மனுஷர்தான். ஆனாலும் சாப்பிடும்போது, "குட்டி, முகம் கழுவுற பழக்கம் உண்டா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரிப்பார். அவள் பாதிச் சோற்றோடு எழுந்துவிடுவாள்.

ஒருநாள் கடை மேனேஜர், கூட்டம் இருக்கும்போதே, அவள் மேசைமேல் ஒரு பேஸ்வாஷ் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தார். அவளுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அன்றிலிருந்து கடையில் கை ஓய்ந்தபோதெல்லாம் பாத்ரூமுக்குப் போய் முகத்தைத் தேய்த்தாள். தோல் சிவந்து உரிந்தது. பரு மட்டும் அசையவில்லை.

பார்க்கப் பொறுக்காமல் அக்காதான் தோல் டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை கழுவுகிறாய் என்று டாக்டரம்மா கேட்டார். அவளுக்கே கணக்குத் தெரியவில்லை.

"அழுக்கால வர்றதில்லைம்மா இது. உள்ளே எண்ணெய் அதிகமா சுரந்து, துவாரம் அடைச்சு வருது. நீ தேய்ச்சுத் தேய்ச்சுப் புண்ணாக்கியிருக்கே."

உப்புத் தண்ணீரில் சோப்பு சரியாக அலசாமல் தோலில் தங்கிவிடும், அது எரிச்சலைக் கூட்டலாம், ஆனால் தண்ணீர் மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார். காலையும் மாலையும் மட்டும், காரமில்லாத சோப்பு, கை விரலால் மெதுவாக, கடைசியில் ஒரு சொம்பு பில்டர் தண்ணீர். பூசிக்கொள்ள ஒரு களிம்பும் எழுதிக்கொடுத்தார்.

வெளியே வந்தவளுக்கு அழுகை வரும் என்று அக்கா நினைத்தாள். வந்தது கோபம். செய்யாத தப்புக்கு இத்தனை மாதமாகத் தன் முகத்தையே அடித்துத் துவைத்திருக்கிறோமே என்ற கோபம்.

அந்த வாரமே கடைக்கு ஓர் அம்மா தன் மகளோடு வந்தார். பள்ளிக்கூடத்துப் பெண். நெற்றியெல்லாம் பரு, தலை நிமிரவே இல்லை. "ஒழுங்கா முகம் கழுவினா இப்படி ஆகுமா?" என்று அந்த அம்மா அலுத்துக்கொண்டார். மேனேஜர் ஆமோதித்துத் தலையாட்டிவிட்டு, அவள் பக்கம் திரும்பி, "நீ உள்ளே லென்ஸ் ரூமுக்குப் போ. இவங்களை வேற ஆள் பார்க்கட்டும்" என்றார்.

அவள் நகரவில்லை.

"எதுக்கு உள்ளே போகணும்னு இவங்க முன்னாடியே சொல்லுங்க சார்."

மேனேஜர் அந்தப் பெண்ணின் நெற்றியைப் பார்த்தார். பரு என்ற சொல்லை அந்தச் சின்னப் பெண்ணை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? வியாபாரம் கெட்டுவிடுமே. கடைசியில் கல்லாப்பக்கம் ஏதோ வேலை இருப்பதுபோல் போய்விட்டார்.

அவள் அந்த அம்மாவிடம் திரும்பினாள். "இவளை இன்னும் கழுவச் சொல்லாதீங்கம்மா. நான் கழுவிக் கழுவித்தான் தோலை உரிச்சுக்கிட்டேன். ஒரு தடவை டாக்டர்கிட்டே காட்டுங்க." பிரேம் தட்டை இழுத்து வைத்தாள். பெண் முதல்முறையாக நிமிர்ந்து, நீல பிரேமைக் காட்டி, அதைப் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டது.

மேனேஜர் அதற்கப்புறம் ரொம்ப நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. லென்ஸ் ரூம் பேச்சையும் எடுக்கவில்லை. அந்த அம்மாவும் மகளும் வந்துபோன அன்று ராத்திரியே, சாப்பாட்டின்போது அக்கா வீட்டுக்காரர் பழைய கேள்வியை ஆரம்பிக்க, "அந்த ஜோக் இனிமே வேண்டாம், மாமா" என்றாள் நிதானமாக. அவர் குழம்பை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

எரிச்சல் முதலில் அடங்கியது. பரு மெல்ல மெல்லக் குறைந்தது. கன்னத்தில் தழும்பு நின்றது, மூக்கு நுனியில் அவ்வப்போது புதுசாக ஒன்று எட்டிப்பார்க்கும். அப்படி ஒன்று பழுத்து நின்ற காலையிலும், பவுடர்கூடப் பூசாமல், வாசலுக்கு நேரே இருக்கும் முதல் மேசையில் போய் உட்கார்ந்து, "வாங்க, யாருக்குப் பார்க்கணும்?" என்றாள்.